மூன்று சுழியங்களுக்குப் பின்னால் ஒரு பட்டை

"அண்ணே, துரத்துறவங்க நெருங்கிட்டாங்க. கப்பலைச் சிறுகோள் பட்டைக்குள்ள விட்டு, ஒரு பாறைக்குப் பின்னால ஒளிஞ்சுக்கறேன். முடியுமா?"

விண்வெளிக் கதையாட்டம் நடத்துகிற எவரும் என்றாவது ஒருநாள் இந்தக் கேள்வியைச் சந்திப்பார்கள். எங்கள் சனிக்கிழமை மேசையில் கேட்டவன் கல்லூரி மாணவன். ஆட்டத்தில் ஒரு சரக்குக் கப்பலின் மாலுமி. நான் நடுவர். இந்த ஆட்டத்தில் நடுவரின் வேலை, மற்றவர்கள் சொல்வதைக் கேட்டு உலகத்தின் சார்பில் பதில் சொல்வது. அன்றைக்கு "முடியும், பகடையை உருட்டு" என்று சொல்லிவிட்டேன். ராத்திரி படுத்த பிறகுதான் உறுத்தியது. எந்தப் பட்டை, பாறைக்கும் பாறைக்கும் எவ்வளவு இடைவெளி, அந்தப் பாறை எதனால் ஆனது என்று எதையுமே யோசிக்காமல் சொல்லியிருந்தேன்.

சினிமாவில் சிறுகோள் பட்டை என்றால் பாறைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு உருளும். நம் சூரியக் குடும்பத்தின் பட்டை அப்படியில்லை. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே ஒரு கிலோமீட்டருக்குமேல் அகலமுள்ள சிறுகோள்களே பத்து லட்சத்துக்கு மேல் சுற்றுகின்றன. ஆனாலும் அவற்றுக்கு இடையே உள்ள தூரம் சராசரியாகப் பத்து லட்சம் கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. பூமியிலிருந்து நிலா இருப்பதே நான்கு லட்சம் கிலோமீட்டருக்குள்தான். 1972-73இல் பயனியர் 10 முதல்முறையாக அந்தப் பட்டையைக் கடந்தபோது அதற்கு ஒரு சேதமும் நேரவில்லை. அதற்குப் பின் போன கலங்களும் அப்படியே கடந்து போயின. ஒரு சிறுகோளில் நின்று அண்ணாந்து பார்த்தால், பக்கத்துச் சிறுகோள் வெறும் ஒளிப்புள்ளியாகத்தான் தெரியும்.

எல்லா நட்சத்திரங்களின் பட்டைகளும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்று விதி இல்லை. அதனால்தான் வகை பிரிக்க வேண்டியிருக்கிறது.

நாங்கள் ஆடுவது டிராவலர். 1977இல் அமெரிக்காவில் மார்க் மில்லர் உருவாக்கி வெளியிட்ட ஆட்டம். இரண்டு பகடைகளை உருட்டி ஓர் உலகத்தையே உண்டாக்கலாம் என்பது அதன் பெரிய கவர்ச்சி. அளவு, காற்று, நீர், மக்கள்தொகை, ஆட்சி, சட்டம், தொழில்நுட்பம் ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம். எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு வரியில் ஓர் உலகம். அளவு இலக்கம் சுழியமாக வந்தால் அது சிறுகோள் பட்டை. அங்கே காற்றும் இல்லை, கடலும் இல்லை. ஆகவே அடுத்த இரண்டும் சுழியங்கள். அந்த ஆட்டத்தின் வரைபடத்தில் கிளிஸ்டன் என்று புகழ்பெற்ற ஓர் உலகம் உண்டு. அதன் குறியீட்டில் மூன்று சுழியங்கள் வரிசையாக நிற்கும். அடுத்த இலக்கம் 9. அதாவது நூறு கோடிக்கணக்கான மக்கள் பாறைகளைக் குடைந்து வாழ்கிறார்கள். அந்த மூன்று சுழியங்களைப் பார்த்தால் "இங்கே தரை இல்லை" என்பது மட்டும் தெரியும். என்ன இருக்கிறது என்று தெரியாது.

பின்னால் வந்த துணைநூல்கள் இந்தக் குறையை உணர்ந்து, பட்டையை உள்ளிருந்து வெளியே நிக்கல்-இரும்பு மண்டலம், கலப்பு மண்டலம், கரி மண்டலம் என்று மூன்றாக வகுத்தன. நல்ல தொடக்கம். ஆனால் நம் வானம் அதை ஓரளவுதான் ஒப்புக்கொள்கிறது. எந்த இடத்தில் என்பதற்குப் பிறகு வருகிறேன். என் வழி இது: ஒவ்வொரு பட்டையிடமும் நான்கு கேள்விகள் கேட்பேன். நான்குக்கும் வரும் பதில் மேசையில் ஏதாவது ஒன்றை மாற்ற வேண்டும். மாற்றவில்லை என்றால் அந்தக் கேள்வியே வேண்டாம்.

முதல் கேள்வி: இந்தப் பட்டை ஏன் இங்கே இருக்கிறது?

ஒரு கோள் வெடித்துச் சிதறியதால் என்று எழுதத்தான் முதலில் கை போகும். அது பழைய ஆசைதான். 1801 ஜனவரி 1 அன்று பலெர்மோவில் பியாஸ்ஸி சீரிஸைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே ஓல்பர்ஸ் பல்லாஸைக் கண்டார். ஒரே இடத்தில் இரண்டு கிடைத்ததும், இவை உடைந்துபோன ஒரு கோளின் துண்டுகளாக இருக்கலாம் என்று ஓல்பர்ஸ் கருதினார். இன்றைக்குக் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. பட்டையில் உள்ள அத்தனையையும் ஒன்றாகத் திரட்டினாலும் நிலாவின் நிறையில் சுமார் 3 சதவீதம்தான் தேறும். கோளாகத் திரண்டு பிறகு உடைந்தது அல்ல அது. திரளவே முடியாமல் போனது. திரளவிடாமல் கலைத்தது வியாழன்.

அந்தக் கலைப்பின் தடம் இன்றும் அழியாமல் இருக்கிறது. குழந்தையை ஊஞ்சலில் வைத்து ஆட்டும்போது, ஊஞ்சல் திரும்பி வரும் அதே நொடியில் ஒவ்வொரு முறையும் லேசாகத் தள்ளினால் போதும், வீச்சு ஏறிக்கொண்டே போகும். வியாழன் ஒரு சுற்று முடிப்பதற்குள் சரியாக மூன்று சுற்று முடிக்கும் சிறுகோளுக்கும் இதுதான் கதி. திரும்பத் திரும்ப ஒரே முறையில் இழுபட்டு, பாதை நீண்டு நீண்டு, கடைசியில் பட்டையை விட்டே போய்விடும். சூரியனிலிருந்து பூமி இருக்கும் தூரத்தை ஓர் அலகு என்று வைத்தால் 2.5 அலகில் இப்படி ஓர் இடைவெளி இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் டேனியல் கிர்க்வுட் இவற்றைக் கவனித்துச் சொன்னதால் கிர்க்வுட் இடைவெளிகள் என்று பெயர்.

நடுவருக்கு இது தங்கச் சுரங்கம். உங்கள் ராட்சதக் கோள் நட்சத்திரத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று பாருங்கள். அந்த எண்ணை 0.4ஆல் பெருக்கினால் பட்டையின் உள் விளிம்பு. 0.63ஆல் பெருக்கினால் வெளி விளிம்பு. 0.48ஆல் பெருக்கினால் நடுவே ஒரு பெரிய இடைவெளி. வியாழனின் 5.2 அலகை இந்த மூன்றாலும் பெருக்கிப் பாருங்கள், 2.1, 3.3, 2.5 என்று நம் பட்டையே வந்து நிற்கும். இனி உங்கள் பட்டை வெறும் வட்டமாக இருக்காது. அதில் ஆளில்லாத ஓர் அகழி இருக்கும். அகழியின் இந்தப் பக்கம் ஒரு கம்பெனி, அந்தப் பக்கம் இன்னொரு கம்பெனி என்று எல்லை பிரித்துக்கொள்ள வானமே வகை செய்து கொடுத்திருக்கிறது.

இப்படித் திரளாமல் நின்றதை நான் மிச்சப் பட்டை என்று எழுதிவைக்கிறேன். பெரும்பாலான பட்டைகள் இந்த வகைதான். இரண்டாவது வகை உடைசல் பட்டை. பெரிய மோதலில் அண்மையில் பிறந்தது. நம் பட்டைக்குள்ளேயே இதற்குச் சிறிய மாதிரிகள் உண்டு. 1918இல் ஜப்பானிய வானியலாளர் கியோட்சுகு ஹிராயாமா, சில சிறுகோள்களின் பாதைகள் கூட்டம் கூட்டமாக ஒத்துப்போவதைக் காட்டி, ஒவ்வொரு கூட்டமும் ஒரே தாய்ப்பாறையின் துண்டுகள் என்றார். மூன்றாவது, ராட்சதக் கோளுக்கு முன்னாலும் பின்னாலும் 60 பாகை தள்ளி அதே பாதையில் கூடவே வரும் துணைக் கூட்டம். வியாழனோடு வருபவற்றை ட்ரோஜன்கள் என்கிறார்கள். அகிலிஸ் என்ற முதல் ட்ரோஜன் 1906இல் அகப்பட்டது. இது வளையம் இல்லை, இரண்டு தீவுகள். ஒரு தீவிலிருந்து மற்றதற்குப் போவது என்றால் சூரியக் குடும்பத்தின் குறுக்கே ஒரு பயணம். கதைக்கு இதைவிட நல்ல பிரிவினை கிடைக்காது. நான்காவது, கடைசிக் கோளுக்கு அப்பால் 30 முதல் 50 அலகு வரை விரிந்து கிடக்கும் கைப்பர் பட்டை போன்ற உறைபனிப் பட்டை. அது தனி உலகம். அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

இரண்டாம் கேள்வி: எதனால் ஆனது? சுரங்கத் தொழிலாளிக்கும் கடத்தல்காரனுக்கும் இதுதான் முக்கியம்.

1975இல் சாப்மன், மாரிசன், ஸெல்னர் மூவரும் சிறுகோள்களை நிறத்தையும் ஒளி திருப்பும் திறனையும் வைத்துப் பிரித்தார்கள். கரி வகை ஒன்று, கல் வகை ஒன்று, இரண்டிலும் சேராதவை ஒரு கூடை. 1984இல் டேவிட் தோலன் அதைப் பதினான்கு வகைகளாக விரித்தார். விளையாட்டுக்குப் பதினான்கு அதிகம், மூன்று போதும். கரி வகை அடுப்புக்கரி மாதிரி கறுப்பு. தன்மேல் விழும் ஒளியில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் திருப்பாது. பல கரிச் சிறுகோள்களில் நீர் களிமண்ணுக்குள் கட்டுண்டு கிடக்கிறது. கல் வகை சற்று வெளிறியது. சிலிக்கேட்டும் கொஞ்சம் இரும்பும். மூன்றாவது உலோக வகை.

தெரிந்த சிறுகோள்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு கரி. ஆறில் ஒரு பங்கு கல். மீதிதான் உலோகமும் மற்றவையும். இரண்டு பகடைகள் இந்த விகிதத்துக்கென்றே செய்தது போல அமைந்திருக்கின்றன. இரண்டையும் உருட்டி, கூட்டுத்தொகை 2 முதல் 8 வரை வந்தால் கரி என்று வையுங்கள். அது 72 சதவீதம் நடக்கும். 9, 10 வந்தால் கல், 19 சதவீதம். 11, 12 வந்தால் உலோகம் அல்லது அதிசயம், 8 சதவீதம். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

ஆனால் இது பட்டை முழுவதற்குமான கணக்கு. உள்ளே கல் அதிகம், வெளியே போகப் போகக் கரி அதிகம். கிரேடியும் டெடெஸ்கோவும் 1982இல் இதைத் தெளிவாக வரைந்து காட்டினார்கள். காரணமாகப் பொதுவாகச் சொல்லப்படுவது பனிக்கோடு. நட்சத்திரம் பிறந்த காலத்தில் ஒரு குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால்தான் நீர் உறைந்து பாறையோடு சேர முடிந்தது. நம் சூரியனுக்கு அது ஏறத்தாழ 2.7 அலகு என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் நட்சத்திரம் சூரியனைப் போல நாலில் ஒரு பங்குதான் பிரகாசம் என்றால் அந்தக் கோடு பாதித் தூரத்துக்கு வந்துவிடும். நான்கு மடங்கு பிரகாசம் என்றால் இரு மடங்கு தள்ளிப் போகும். கோட்டுக்கு உள்ளே பகடை அட்டவணையைத் திருப்பிப் போடுங்கள்: 2 முதல் 8 வரை கல், 9, 10 கரி.

பழைய துணைநூல்களோடு நான் வேறுபடுவது இங்கேதான். உள் மண்டலம் நிக்கல்-இரும்பு மண்டலம் அல்ல. அது கல் மண்டலம். இரும்பு கிடைப்பது மண்டலத்தைப் பொறுத்தது அல்ல, விபத்தைப் பொறுத்தது. ஒரு பெரிய பாறை உருகி, கனமான இரும்பு அடியில் தங்கி, பிறகு மேல் ஓடு மோதலில் பெயர்ந்து போனால்தான் உள்ளேயிருக்கும் உலோகம் வெளியே தெரியும். 16 சைக்கி என்ற சிறுகோள் அப்படிப்பட்ட வெற்று இரும்பு உருண்டை என்று நெடுநாள் நம்பினார்கள். இப்போது அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 4 கிராம் என்று கணக்கிடுகிறார்கள். இரும்புக்கு 7.8. ஆகவே அதில் பாறையும் நிறையக் கலந்திருக்கலாம், அல்லது உள்ளே பொந்துகள் இருக்கலாம். 2023 அக்டோபரில் புறப்பட்ட கலம் 2029இல் அங்கே போய்ச் சேர வேண்டும். உங்கள் ஆட்டத்திலும் "இரும்பு மலை" என்ற வதந்தியை நம்பிக் கடன் வாங்கிக் கிளம்பும் ஒருவனை வையுங்கள்.

உண்மையான செல்வம் கறுப்புப் பாறையில் இருக்கிறது. டிராவலர் கப்பல்கள் ஹைட்ரஜனில் ஓடுகின்றன. வாயுக் கோளை உரசி அள்ளலாம். இல்லையென்றால் நீரிலிருந்து பிரிக்கலாம். கரி மண்டலம் என்பது எரிபொருள் பங்க். ஹயபுசா-2 கலம் 2020 டிசம்பரில் கொண்டுவந்த ரியுகு சிறுகோளின் 5.4 கிராம் மண்ணில் நீர் கலந்த கனிமங்கள் இருந்தன. ஐந்து கிராமில் தெரிந்தது ஐந்நூறு கிலோமீட்டர் பாறையில் என்ன அர்த்தம் என்பதை மேசையில் இருப்பவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள்.

மூன்றாம் கேள்வி: எவ்வளவு பெரிது, எவ்வளவு கெட்டி? அளவைப் பொறுத்தவரை ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும். செல்வம் சமமாகப் பங்கிடப்படவில்லை. 940 கிலோமீட்டர் அகல சீரிஸ் ஒன்றே பட்டையின் மொத்த நிறையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். முதல் நான்கையும் சேர்த்தால் பாதியைத் தாண்டிவிடும். ஆகவே பட்டையின் தலைநகரம் எது என்பதை எண்ணிக்கை அல்ல, மிகப் பெரிய பாறைதான் தீர்மானிக்கும்.

கெட்டியா இல்லையா என்பதைத்தான் ஆட்டக்காரர்கள் எப்போதும் மறந்துவிடுகிறார்கள். பல சிறிய சிறுகோள்கள் ஒரே பாறை அல்ல; லாரியில் கொட்டிய ஜல்லி மாதிரி, தங்கள் சொந்த ஈர்ப்பில் லேசாக ஒட்டிக்கொண்டிருக்கும் குவியல்கள். 2005இல் ஹயபுசா பார்த்த இட்டோகாவா அப்படி. 2020இல் பென்னுவில் மாதிரி எடுக்க இறங்கிய கலத்தின் கை, அரை மீட்டர் வரை மண்ணுக்குள் அமிழ்ந்தது. உடனே உந்துபொறியை இயக்கிப் பின்வாங்கியிருக்காவிட்டால் இன்னும் உள்ளே போயிருக்கும். கப்பலைக் கயிற்றால் கட்ட ஆணி அடிக்கிறேன் என்பவனுக்கு ஆணி நிற்காது. இன்னொரு தடயமும் உண்டு. இருநூறு மீட்டருக்கு மேற்பட்ட சிறுகோள்கள் அநேகமாக எதுவும் 2.2 மணி நேரத்துக்குள் ஒரு சுழற்சி முடிப்பதில்லை. அதைவிட வேகமாகச் சுழன்றால் ஜல்லிக் குவியல் சிதறிவிடும். உங்கள் ஆட்டத்தில் அரை கிலோமீட்டர் பாறை ஒன்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சுழல்கிறது என்று உணர்கருவி சொன்னால், அது ஒரே கெட்டிப் பாறை, அல்லது யாரோ கட்டியது. அதை மெதுவாகச் சொல்லிவிட்டு அவர்கள் முகத்தைப் பாருங்கள்.

ஈர்ப்பும் இங்கேயே. பூமியில் 60 கிலோ காட்டும் ஆள், சீரிஸில் நின்று நம் வீட்டு எடை மெஷினில் ஏறினால் அது இரண்டு கிலோகூடக் காட்டாது. இட்டோகாவாவில் கொஞ்சம் எம்பினாலே திரும்பி வரமாட்டார்.

நான்காம் கேள்வி: எவ்வளவு வயது? காலம் போகப் போகப் பட்டை மெலியும், தூசு அடங்கும். நம் பட்டைக்கு 450 கோடி ஆண்டுகளுக்கு மேல் வயது. ஆகவே தெளிவாக இருக்கிறது. 25 ஒளியாண்டு தூரத்தில் உள்ள ஃபோமல்ஹாட் என்ற நட்சத்திரம் சில பத்துக் கோடி ஆண்டுகளே ஆன இளசு. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2023இல் அதைச் சுற்றி, ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று தூசு வளையங்களைக் காட்டியது. அங்கேயும் பாறைகள் தோளோடு தோள் உரசப் போவதில்லை. ஆனால் மோதலில் அரைபட்ட தூசு வேகமாகப் போகும் கப்பலின் மேலோட்டை ஓயாமல் அரிக்கும். வயது மட்டுமே விதி என்றும் சொல்ல முடியாது. 12 ஒளியாண்டு தொலைவில் உள்ள டௌ செட்டி வயதான நட்சத்திரம்தான். ஆனாலும் நம் சூரியக் குடும்பத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல் குப்பை அங்கே சுற்றுகிறது. ஆகவே தெளிவு, மங்கல், அடர்தூசு என்று மூன்று படிநிலை வைத்து, இளைய நட்சத்திரத்துக்குப் பகடையில் இரண்டு கூட்டிக்கொள்கிறேன்.

இந்த நான்கு பதில்களையும் ஓர் அட்டையில் எழுதினால் முடிந்தது. எங்கள் மேசையில் இதைப் பழகிப் பார்க்க நான் எடுத்துக்கொண்டது ஒரு மெட்ராஸ் சிறுகோளை. நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்தில் நார்மன் போக்சன் 1861 ஏப்ரலில் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு ஆசியா என்றே பெயர் வைத்தார். ஆசிய மண்ணிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் அது. 1866இல் அதே இடத்திலிருந்து அவர் சில்வியாவைக் கண்டார். சில்வியா பட்டையின் வெளி விளிம்பையும் தாண்டி 3.5 அலகில், ஆறரை ஆண்டுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றுகிறது. அகலம் 270 கிலோமீட்டர் அளவு. இருண்ட மேற்பரப்பு. அடர்த்தி நீரைவிடச் சற்றே அதிகம். ஆகவே உள்ளே நிறைய வெற்றிடமோ பனியோ இருக்க வேண்டும். 2001இல் அதற்கு ஒரு நிலா தெரியவந்தது, 2005இல் இன்னொன்று. இரண்டு நிலாக்கள் உள்ள சிறுகோளாக முதலில் அறியப்பட்டது இதுதான். ரோமுலஸ், ரீமஸ் என்று பெயர்.

அட்டையில் இப்படி எழுதினேன்: மிச்சப் பட்டை, வெளி விளிம்புக்கு அப்பால். இருண்ட கரி. 270 கி.மீ., பொந்து உள்ளது. தெளிவு.

அடுத்த சனிக்கிழமை அந்தப் பையனின் கப்பலை அங்கேயே கொண்டுபோய் நிறுத்தினேன். துரத்துபவர்களும் வந்தார்கள். அவன் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டான். இந்த முறை அட்டையை அவன் பக்கம் நகர்த்தினேன். சுற்றி வேறு பாறை இல்லை. இரண்டு குட்டி நிலாக்கள்தான். அவற்றின் பின்னால் நின்றால், மறுபக்கமிருந்து வருகிறவனுக்குத் தெரிந்துவிடும். அதோடு வெப்பம் வேறு. அந்தத் தொலைவில் பாறையின் சூடு சுழியத்துக்கு நூறு பாகைக்கும் கீழே. ஆள் வாழும் கப்பல் அறைச்சூட்டில் இருக்கிறது. வெப்பக் கண்ணாடியில் பார்த்தால் இருட்டில் ஏற்றிவைத்த விளக்கு.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அட்டையில் "பொந்து" என்ற சொல்லின்மேல் விரலை வைத்தான். "உள்ள பனி இருக்கலாம்னு சொன்னீங்கல்ல அண்ணே?"

"இருக்கலாம்."

"அப்போ பின்னால ஒளிய வேணாம். உள்ள போயிடறேன். கப்பல் சூட்டைப் பனியில இறக்கினா எத்தனை மணி நேரம் தாங்கும்?"

பக்கத்தில் இருந்தவள் கால்குலேட்டரை எடுத்தாள்.